தளும்பாத டம்ளர்

உட்காரம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அதன் முதுகு ஆடும்; இதில் உட்கார். என் தம்பி வரதராஜன் உக்கடம் வரை போயிருக்கிறான், வந்துவிடுவான். அதுவரை உனக்கு வேண்டியதை நான் சொல்கிறேன். இந்தப் பவுண்டரியில் அவனுக்குத் தெரிந்தது இரும்பு. மனிதர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் என்னிடம்தான் வர வேண்டும்.

அந்த டப்பாவில் தேங்காய் பிஸ்கட் இருக்கிறது. மூடியை நீயே திறந்துகொள். இந்தக் காலத்து மூடிகளை எதற்காக இத்தனை இறுக்கமாகச் செய்கிறார்களோ தெரியவில்லை.

என் கையை ஏன் அப்படிப் பார்க்கிறாய்? ஒன்றுமில்லை. விரல் நுனிகளில் எறும்பு ஊர்கிறாற்போல ஒரு குறுகுறுப்பு, அவ்வளவுதான். ரத்த அழுத்தத்துக்குப் போன வாரம் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள், அதன் வேலை. சற்று முன் அந்தத் தேய்க்கிற மெஷினைப் பிடித்ததால் என்று எண்ணிவிடாதே. பணிக்காலம் முழுவதும் கரும்பலகையில் எழுதிய கை இது. கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தாலும் எழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும் என்று கல்வி அதிகாரியே சொல்லியிருக்கிறார்.

நீ வேண்டாமென்றுதான் சொன்னாய், நான் மறுக்கவில்லை. உன் கருவியை மெஷினின் கைப்பிடியில் கட்டிவிட்டு, தொழிலாளி ஒருவர் வழக்கம்போல் தேய்க்கட்டும், கைக்குள் எவ்வளவு அதிர்வு போகிறது என்று அளக்கிறேன் என்றாய். நியாயமான பேச்சு. ஆனால் நான் சொன்னதையும் யோசித்துப் பார். குடிக்கிறவன் கையில் மெஷினைக் கொடுத்து அளந்தால், நடுங்குவது மெஷினா அவனா என்று உன் கருவிக்கு எப்படித் தெரியும்? அளப்பதென்றால் ஐயத்துக்கு இடமில்லாத கை வேண்டும். அதனால்தான் நானே பிடித்தேன். மெஷினின் பாரத்தைக் கயிற்றில் தொங்கவிட்டு, இங்கே தேய்க்கிற ஆறுச்சாமி தாங்கிக்கொண்டான், தேய்த்தது நான். இங்கே வார்க்கிற பம்ப் கூடு ஒன்றைத் தேய்த்தால் போதும் என்றாய். எடுத்த வேலையைப் பாதியில் வைத்து எனக்குப் பழக்கமில்லை. மேசையிலிருந்த கூடுகளை எல்லாம் முடித்துவிட்டுத்தான் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றினேன்.

உன் கருவியில் என்ன எண் வந்தது என்று இப்போது சொல்ல வேண்டாம். வரதராஜன் வந்த பிறகு இருவருக்கும் சேர்த்துச் சொல். நான் சொல்ல வருவது வேறு. இங்கே நடுக்கம் இருக்கிறது, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அது மெஷினிலிருந்து வருவதில்லை. அதற்கான காரணத்தை இந்த ஒரு வருஷத்தில் நான் கண்டுபிடித்து, சிகிச்சையும் செய்துவிட்டேன். நீ வீணாக இவ்வளவு தூரம் வந்திருக்கிறாய் என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஓய்வு பெற்ற மறு மாதமே வரதராஜன் வீட்டுக்கு வந்து, அக்கா, பவுண்டரிக்கு ஒரு பாதுகாப்புக் குழு வேண்டும் என்று நின்றான். நம்மிடம் பம்ப் கூடு வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிறார்களாம். குழுவில் ஒரு பெண்ணும் இருக்க வேண்டுமாம். பள்ளிக்கூடத்தை நடத்தினவள் பவுண்டரியை நடத்த மாட்டாளா என்று நானும் ஒப்புக்கொண்டேன். குழுவில் இன்னும் யார் யார் என்று கேட்காதே. மற்றவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை. ஆகையால் முடிவெடுப்பதில் எங்களுக்குள் ஒருபோதும் கருத்து வேறுபாடு வந்ததில்லை.

உன்னை அளக்க அனுப்பிய அந்த வெளிநாட்டுக்காரர்கள் நல்லவர்கள்தான். அதிர்வைத் தடுக்கும் கையுறைகள் ஒரு பெட்டி நிறைய அனுப்பினார்கள். கைக்கு இதமாகச் சுழலுமாம், அப்படி ஒரு புதுக் கிரைண்டிங் மெஷினும் அனுப்பினார்கள். இரண்டையும் நான் கண்போல் காத்து வருகிறேன். கையுறைகள் இந்த அலமாரியில் இருக்கின்றன. வெள்ளை வெளேரென்று இருந்தன அம்மா. இவர்களிடம் கொடுத்திருந்தால் ஒரே நாளில் கரி பிடித்திருக்கும். ஆயுத பூஜையன்று மட்டும் வெளியே எடுத்து, மணிக்கட்டுப் பக்கம் சந்தனம் குங்குமம் வைத்து, ஆளுக்கொரு ஜோடி போடச் சொல்லிப் புகைப்படம் எடுத்து அனுப்புவோம். பிறகு எண்ணிப் பார்த்து உள்ளே வைத்துவிடுவேன். மெஷினின் மேல் வந்த பிளாஸ்டிக் உறையைக் கூட நான் கழற்ற விடவில்லை. பழையது ஓடிக்கொண்டிருக்கும்போது புதியதை எதற்குத் தேய்க்க வேண்டும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் என் கண்ணில் பட்டது டீ கிளாஸ். பள்ளிக்கூடத்தில் எனக்குச் சாக்பீஸ் துண்டு எங்கே குறைகிறது என்று தெரிந்துவிடும், அதுபோலத்தான். இங்கே கண்ணாடி கிளாஸ் உடைந்துகொண்டே இருந்தது. யார் உடைக்கிறார்கள் என்று நின்று பார்த்தேன். அச்சு கட்டுகிறவர்கள் உடைக்கவில்லை, உலைக்காரர்கள் உடைக்கவில்லை, லாரியில் ஏற்றுகிறவர்கள் உடைக்கவில்லை. வார்த்தெடுத்த கூட்டின் பிசிறைத் தேய்க்கிறார்களே, அந்தப் பகுதிக்காரர்கள் மட்டும்தான். கிளாஸை எடுப்பார்கள், அது விரலுக்குள் நிற்காது, நழுவும். நின்றாலும் பாதி டீ சட்டையில் இருக்கும். ஒரே பகுதியில் எல்லாருக்கும் கை ஆடுகிறதென்றால் அதற்கு ஒரு பொதுக் காரணம் இருந்தாக வேண்டும். அறிவியல் முறை இதைத்தான் சொல்கிறது. அந்தப் பொதுக் காரணத்தை நான் சிரமப்பட்டுத் தேடவில்லை. குடி.

அவசரப்படாதே, என்னிடம் ஆதாரம் இருக்கிறது.

அந்தப் பகுதிக்கு மூத்தவன் ஆறுச்சாமி. உனக்கு இன்று கயிறு பிடித்தானே, அவன். காரமடைப் பக்கத்து ஆள், வேலையில் சுத்தம். அவன் தேய்த்த கூட்டின் மேல் விரலை ஓட்டினால் பட்டு மாதிரி இருக்கும். அவ்வளவு நல்லவனுக்குச் சட்டையின் பொத்தானைப் போடத் தெரியாது. நெஞ்சைத் திறந்துபோட்டுக்கொண்டு வருவான். என் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட அப்படி வந்ததில்லை. பொத்தானைப் போடு என்றால், விரலில் உணர்ச்சி இல்லைங்க டீச்சர், வீட்டுக்காரி போட்டுவிட்டால்தான் உண்டு, அவள் இன்றைக்குச் சந்தைக்குப் போய்விட்டாள் என்பான். விரலில் உணர்ச்சி இல்லாமல் போகிற அளவுக்கு ஒருவன் குடித்திருக்கிறான் என்றால் நீயே பார்த்துக்கொள்.

போன மார்கழியில் ஒரு நாள் காலையில் வரிசையில் நிற்கிறான். விரல்கள் சாக்பீஸ் பிடித்ததுபோல் வெளுத்திருக்கின்றன. நுனியிலிருந்து பாதி விரல் வரை, கோடு கிழித்ததுபோல். சுண்ணாம்பைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறாய், போய்க் கழுவிக்கொண்டு வா என்று அனுப்பினேன். தொட்டியில் கழுவிவிட்டு வந்தான். இன்னும் அதிகமாக வெளுத்திருந்தது. மறுபடியும் அனுப்பினேன். அன்று பனி, தண்ணீர் ஐஸ்போல இருந்தது. மூன்றாம் முறை திரும்பி வந்தபோது கை முழுவதும் சவம்போல ஆகிவிட்டது, ஆனாலும் அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கீழ்ப்படிதலில் அவனைக் குறை சொல்ல முடியாது. கழுவத்தான் தெரியவில்லை.

வாயை ஊதச் சொல்வது வரதராஜனின் யோசனை. கேட்டில் நிற்க வைத்து ஒவ்வொருவராக ஊதச் சொன்னான். அச்சு கட்டுகிற ரங்கன் ஊதியதில் வரதராஜனுக்கே தலை சுற்றியது. ஆனால் தேய்ப்புக்காரர்கள் வாயில் வெறும் இட்லி வாசனைதான். ஒருவன் வாயில்கூட வேறு வாசனை இல்லை. வரதராஜன், அக்கா, இவர்கள் குடிப்பதில்லை போலிருக்கிறதே என்றான். அவன் எப்போதுமே மேலோட்டமாகப் பார்க்கிறவன், கணக்கிலும் அப்படித்தான். கை நடுங்குகிறது, வாசனை இல்லை. அப்படியானால் வாசனை இல்லாத எதையோ குடிக்கிறார்கள் என்றுதானே பொருள்?

இன்னொன்று. எந்தக் குடிகாரனுக்கும் திங்கட்கிழமைதான் மோசமான நாள். ஞாயிற்றுக்கிழமை குடித்ததெல்லாம் திங்களன்று தெரியும். இவர்களுக்குத் தலைகீழ். திங்கட்கிழமை காலையில் கை ஓரளவு நிதானமாக இருக்கும்; செவ்வாய், புதன் என்று ஆட்டம் ஏறிக்கொண்டே போகும்; சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கிளாஸ் தேறாது. இது எனக்குச் சில நாள் பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. ஞாயிறு மனைவி மக்களோடு வீட்டில் இருக்கிறார்கள், குடிக்க முடியாது. வேலை நாட்களில் குடிக்கிறார்கள். எங்கே, எப்போது என்று தெரியவில்லை. காலை முதல் மாலை வரை அந்த மெஷினை விட்டு நகர்வதும் இல்லை. அவ்வளவு தந்திரம்.

ஆறுச்சாமியின் மனைவி தெய்வானை வந்தாள். இதோ, நீ உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் நின்றாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு சொன்னாள்:

"அவரு சோடா குடிச்சாலே ஏப்பம் வருதுன்னு தொடமாட்டாருங்க டீச்சர். எங்கப்பன் குடிகாரன்னு தெரிஞ்சுதான் என்னையக் கட்டுனாரு, உனக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம்னு."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. புருஷனைக் காப்பாற்ற ஒரு பெண் எவ்வளவு தூரம் போகிறாள் பார். அன்றே முடிவு செய்தேன், இவளுக்காகவாவது அவனைத் திருத்த வேண்டும் என்று.

ஆனைகட்டி போகிற சாலையில் ஒரு மறுவாழ்வு இல்லம் இருக்கிறது. என் பழைய மாணவி ஒருத்தி அங்கே மேற்பார்வை பார்க்கிறாள். ஒரு மாதம் தங்க வேண்டும். ஆறுச்சாமியை அங்கே அனுப்பினேன். அவன் போக மறுத்தான். நான் குடிக்கிறதில்லைங்க டீச்சர் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். எல்லாக் குடிகாரர்களும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்று அந்த மாணவி எனக்கு முன்பே சொல்லியிருந்தாள். ஆகவே எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது.

அங்கே என்ன செய்கிறார்கள் தெரியுமா? காலையில் யோகாசனம். வெந்நீரில் குளியல். தோட்டத்தில் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. சாயங்காலம் பஜனை. மருந்தென்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு மாதம் கழித்து வந்தான் பார், நான் அசந்துபோய்விட்டேன். சட்டை கழுத்து வரை பொத்தான் போட்டிருக்கிறது! நீயா போட்டாய் என்றேன். நான்தானுங்க என்று சொல்லி, என் கண் முன்னாலேயே கழற்றித் திரும்பப் போட்டுக் காட்டினான். கிளாஸை எடுத்தான், டீ குடித்தான், திரும்ப வைத்தான். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. விரல்களில் நல்ல ரத்த ஓட்டம். இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்? குடியை நிறுத்தினான், நடுக்கம் நின்றது. உன் கருவியில் இப்படி ஒரு தெளிவான முடிவு வருமா?

நீ ஏதோ சொல்ல வருகிறாய். ஒரு மாதம் மெஷினையும்தான் தொடவில்லை என்கிறாயா? தொடவில்லைதான். அங்கே மெஷின் ஏது? கத்தரித் தோட்டத்தில் எதைத் தேய்ப்பான்? நீ குறுக்கே பேசாமல் கேள்.

வேதனை என்னவென்றால் அது நிலைக்கவில்லை. மறுபடி வேலையில் உட்கார்ந்து கொஞ்ச நாளில் கை பழையபடி ஆட ஆரம்பித்துவிட்டது. பொத்தான் திறந்துகொண்டது. திரும்பவும் குடிக்கத் தொடங்கிவிட்டாயா என்று கேட்டேன். இந்த முறை அவன் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். பிறகு தெய்வானை வந்தாள். இந்த முறை சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள். என்ன கேட்டாள் தெரியுமா?

"இன்னொரு மாசம் குடிகாரர்னு எழுதிக்குங்க டீச்சர். அங்க இருந்து வந்தப்பத்தான் எம்புள்ளைக்கு அவரு கையால சடை பின்னிவுட்டாரு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பார்த்தாயா? புருஷன் சோடாகூடத் தொடமாட்டான் என்று சத்தியம் செய்தவள்! உண்மை கடைசியில் வெளியே வரத்தான் செய்யும். நான் அவளைக் குத்திக் காட்டவில்லை. அனுப்பி வைத்தேன்.

அதன் பிறகு நடந்ததுதான் இந்தப் பணியில் எனக்குக் கிடைத்த பெரிய மனநிறைவு. தேய்ப்புப் பகுதி முழுவதும் ஒவ்வொருவராக என்னிடம் வந்து தாமாகவே ஒப்புக்கொண்டார்கள். நான் ஒருவரையும் வற்புறுத்தவில்லை. நான் குடிக்கிறேனுங்க டீச்சர், என்னையும் அனுப்புங்க என்றார்கள். மாலை போட்டுக்கொண்டு வெறுங்காலோடு வருகிறவன்கூட வந்து நான் மொடாக்குடியன் என்றான். தானியேல் என்று ஒரு பையன், பெந்தெகொஸ்தே சபையில் பாடுகிறவன். அவன் வந்து நிற்கிறான். நீயுமா தானியேல், என்ன குடிப்பாய் என்றேன். வெளியே நின்ற மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தான்.

"மத்தவங்க என்ன சொன்னாங்களோ அதேதானுங்க டீச்சர்."

வெட்கம், சரக்கின் பெயரை வாயால் சொல்லக் கூசுகிறான். அதையும் நான் மதித்தேன். இப்படி மாற்றி மாற்றி, எப்போதும் சிலர் இல்லத்திலும் சிலர் மெஷினிலுமாக இருந்தார்கள். போய்விட்டு வந்தவர்கள் தெளிந்து வருவார்கள். இங்கே இருந்தவர்கள் கெட்டுக்கொண்டிருப்பார்கள். உடனே அவர்கள் ஒப்புக்கொண்டு கிளம்புவார்கள். அந்தக் காலத்தில் கிளாஸ் உடைவது ஏறக்குறைய நின்றே போயிற்று. இதை ஒரு கட்டுரையாக எழுதி எங்கேயாவது வாசிக்கலாமா என்றுகூட எண்ணினேன்.

ஆனால் வரதராஜன் பொறுக்கவில்லை. கூடு தேங்குகிறது, லாரி காத்து நிற்கிறது, எந்நேரமும் பாதிப் பேர் கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தால் நான் பவுண்டரியை இழுத்து மூட வேண்டியதுதான் என்று குதித்தான். அவன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. திருந்துவதற்கு எத்தனை வாய்ப்புத்தான் கொடுப்பது? பள்ளிக்கூடத்தில்கூட ஒரு பிள்ளையை ஒரே வகுப்பில் ஓரளவுக்கு மேல் உட்கார வைக்க முடியாது. ஆகவே இல்லத்துக்கு அனுப்புவதை நிறுத்தினேன். அதற்குப் பதிலாக ஒரு சோதனை வைத்தேன்.

மிக எளிய சோதனை. எங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து நடக்கிற போட்டி உண்டே, அதிலிருந்து எடுத்தது. ஓர் எவர்சில்வர் டம்ளர், விளிம்பு வரை தண்ணீர். டீ மேசையிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை நடக்க வேண்டும். சிந்தக் கூடாது. சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும். திங்கட்கிழமை காலையில் வைக்கச் சொல்லித்தான் கெஞ்சினார்கள். திங்களன்று எல்லாரும் தேறிவிடுவார்கள், பிறகு அதற்குப் பெயர் சோதனையா? சோதனைக்கு முன்னால் சூடான டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றார்கள், அதையும் கண்டுபிடித்து நிறுத்தினேன். எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று மற்றப் பகுதிக்காரர்களையும் நடக்க வைத்தேன். அச்சு கட்டுகிற ரங்கன் தள்ளாடிக்கொண்டே வந்தான், தொட்டியில் ஒரு முறை முட்டிக்கொண்டான், ஆனால் டம்ளரில் ஒரு சொட்டு சிந்தவில்லை. மன உறுதி இருந்தால் எதுவும் முடியும் என்பதற்கு அவனைத்தான் உதாரணமாகக் காட்டுகிறேன்.

ஒரு முறை சிந்தினால் எச்சரிக்கை. மறு முறை சிந்தினால் கடைசி எச்சரிக்கை. மூன்றாம் முறை சிந்தினால், மன்னிக்க வேண்டும், வேலை இல்லை. ஆறுச்சாமிக்கு இரண்டு முறை ஆகிவிட்டது. இன்று மூன்றாவது. அதோ, ஜன்னல் வழியாகப் பார், தொட்டியோரம் நிற்கிறானே. தெய்வானையும் வந்திருக்கிறாள் போலிருக்கிறது. அவள் எதற்கு வந்தாள்? இந்த வயதில், இந்தக் கையோடு வேறெந்தப் பவுண்டரியிலும் அவனை எடுக்க மாட்டார்கள், தெரியும் எனக்கு. நான் கல்நெஞ்சக்காரி இல்லை. நேற்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஆனால் விதியை வகுத்தவளே அதை வளைத்தால் மற்றவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

என்னம்மா? இந்தச் சோதனை நியாயமில்லை என்கிறாயா? ஒரு நாள் முழுவதும் அந்த மெஷினைப் பிடித்த கையால் யாராலும் முடியாது என்கிறாயா? யாராலும் என்ற சொல்லை அவ்வளவு சுலபமாகப் பயன்படுத்தக் கூடாது. நீ படித்த பெண். வா, வெளியே வா. என் பேனாவைக் கொஞ்சம் எடுத்துக் கொடு, கீழே விழுந்துவிட்டது. நான் நடந்து காட்டுகிறேன். ஒரு சிறு பிள்ளைகூடச் செய்யக்கூடியது. நிதானம் ஒன்றுதான் வேண்டும். என் வயது என்னவென்று உனக்குத் தெரியும். நானும் இன்று மெஷின் பிடித்தவள்தான். நான் நடந்துவிட்டால் நீ ஒப்புக்கொள்வாயா? சரி.

தானியேல், டம்ளரை நிரப்பப்பா. விளிம்பு வரை. எனக்கென்று குறைக்காதே. ஆறுச்சாமி, நீயும் பார்த்துக்கொள், உனக்கும் உதவியாக இருக்கும்.

பார் அம்மா. முழங்கை உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். பார்வை டம்ளரின் மேல் அல்ல, போய்ச் சேர வேண்டிய இடத்தின் மேல். மூச்சைப் பிடிக்கக் கூடாது. இப்படி ஒரு காலை வைத்து, பிறகு அடுத்த…

யாரப்பா இதை இவ்வளவு நிரப்பியது?

இல்லை, வழுக்கவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. புடவை காய்ந்துவிடும். டம்ளரை எடுங்கள், அது எங்கேயோ உருண்டு போகிறது. டம்ளரில்தான் கோளாறு, வெளிப்புறம் எண்ணெய் பட்டிருக்கிறது. விரலுக்குள் அது இருப்பதே தெரியவில்லையே.

எல்லாரும் ஏன் அப்படி நிற்கிறீர்கள்? சிரிக்க வேண்டுமென்றால் சிரித்துத் தொலையுங்களேன். ஒருவன்கூடச் சிரிக்க மாட்டேன் என்கிறான் பார். தெய்வானை, நீ எதற்கு என் கையைத் தேய்க்கிறாய், விடு. சரி, கொஞ்சம் தேய். சூடாக இருக்கிறது உன் கை.

ஆறுச்சாமி ஏதோ சொல்கிறான். சத்தமாகச் சொல்லப்பா.

"பயப்படாதீங்க டீச்சர். ஒரு மாசம் அங்க இருந்துட்டு வந்தீங்கன்னா செரியாயிரும். வெந்நி நல்லாக் கெடைக்குமுங்க."

கேலி செய்கிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன் அம்மா. இல்லை. கேலி செய்கிறவனை எனக்குத் தெரியாதா? அத்தனை வகுப்புகளைப் பார்த்தவள்.

எல்லாரும் வீட்டுக்குப் போங்கள். இன்றைய சோதனை செல்லாது. டம்ளர் சரியில்லாதபோது சோதனை எப்படிச் செல்லும்? ஆறுச்சாமி, உனக்கும்தான். உன்னுடைய மூன்றாவது இன்னும் நடக்கவில்லை. நல்ல டம்ளர் வாங்குகிற வரை நடக்காது. நல்ல டம்ளர் கிடைக்க நாளாகும். நான் லேசில் திருப்திப்படுகிறவள் இல்லை. திங்கட்கிழமை வந்துவிடு. தெய்வானை, அழாதே, நான் ஒன்றும் செய்யவில்லை.

உள்ளே போகலாம் வா. நீ வந்த வேலையைப் பாதியில் விட்டுப் போகக் கூடாது. அந்தப் புது மெஷினையும் அளந்துவிடு. உறையைக் கிழிக்க வேண்டாம், மெதுவாக உருவச் சொல். நானே பிடித்துக் காட்டுவேன், ஆனால் இன்று அந்த மாத்திரை என்னை ஒரு வழி பண்ணுகிறது. ஆறுச்சாமி பிடிக்கட்டும். வெறுங்கையோடு வேண்டாம். அலமாரியில் கையுறை இருக்கிறது என்றேனே, இதோ சாவி. நீயே திற அம்மா; இந்தச் சாவி எனக்குத் திருப்ப வரவில்லை. ஒரு ஜோடியோடு நிறுத்தாதே, எல்லாவற்றையும் வெளியே எடுத்து வை. அழுக்கானால் தோய்த்துக்கொள்ளலாம்.

கேட்டில் ஹார்ன் சத்தம். வரதராஜன் வந்துவிட்டான். உன் எண்ணை அவனிடம் சொல். பெரியதாக இருந்தால் பெரியதாகவே சொல், நான் குறுக்கே பேச மாட்டேன். ஆனால் டம்ளர் விஷயத்தை மட்டும் அவனிடம் சொல்லாதே, அம்மா. அவன் வந்ததும் வராததுமாக என்னை வாயை ஊதச் சொல்வான்.